பனர் கட்டினா ரசிகர் வரமாட்டினம்: ஜேர்சி பிராண்ட் தொடங்கின தம்பிக்கு ஒரு நீளப் பதில்

தம்பி, வாசிக்கிற மற்ற ஆக்களுக்கும் விளங்கோணும் எண்டதால உங்கட கேள்வியை ஒருக்கா சுருக்கிச் சொல்லிப்போட்டுத் தொடங்குறன். பரந்தன் பக்கம் சின்னதா ஜேர்சி அடிக்கிற இடம் போட்டிருக்கிறீங்கள், சொந்தப் பேரில லோகோ செய்து அதை ஒரு ஸ்போர்ட்ஸ் பிராண்டா வளர்க்கப் பாக்கிறீங்கள், போன வருசம் ஒரு பெரிய சுற்றுப்போட்டிக்கு ஸ்பொன்சர் குடுத்து மைதானம் சுத்திப் பனர் கட்டினீங்கள், ஒரு ஓடரும் வரேல்லை. நைக்கிக்கும் அடிடாசுக்கும் ஆக்கள் விசர் பிடிச்சு நிக்கிற மாதிரி வன்னியில கையில இருக்கிற சின்னக் காசோட ஈவென்ற் கீவென்ற் வச்சு ஒண்டும் செய்யேலாதா எண்டு கேக்கிறீங்கள்.

செய்யலாம். ஆனா முதல்ல பனரை விட்டுப்போடுங்கோ.

எங்கட மைதானங்கள்ல பனரை ஆர் பாக்கினம் சொல்லுங்கோ பாப்பம். கோல் போஸ்டுக்குப் பின்னால ஒரு வங்கி, பக்கத்தில ஒரு நகைக்கடை, அதுக்குப் பக்கத்தில உங்கட லோகோ, மத்தியானம் வெயில் ஏறினா மூண்டையும் கழட்டி நிழலுக்குக் கட்டுவாங்கள், இறுதிப்போட்டி முடிஞ்ச கையோட அது ஆற்றையோ மாட்டுக்கொட்டிலுக்குக் கூரையாப் போயிடும். அறிவிப்பாளர் அனுசரணையாளர் பேரெல்லாத்தையும் ஒரே மூச்சில வாசிச்சு முடிப்பார், அந்த நேரம் சனம் முழுக்க ஐஸ்கிறீம் வானடியில நிக்கும். நான் கொழும்பிலயும் பிறகு கிளிநொச்சியிலயுமா கனகாலம் விளையாட்டுச் சாமான் விக்கிற தொழில்ல இருந்தவன், பனரைப் பாத்துட்டு வந்தனான் எண்டு ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்லை. எங்கட பி.ரி. சேர் சொன்னவர், இன்ன கழகம் போட்டிருந்தது, என்ர மச்சான் வாங்கினவன், இப்பிடித்தான் வருவினம்.

பெரிய பிராண்டுகளும் இப்பிடித்தான் தொடங்கினது, அதைக் கனபேர் யோசிக்கிறேல்லை. நைக்கிட பழைய பேர் புளூ ரிபன் ஸ்போர்ட்ஸ், 1964ல பில் நைட் எண்ட ஓட்டக்காரரும் அவற்ற பயிற்சியாளர் பில் பவர்மனும் சேர்ந்து தொடங்கினது. அப்ப அவையளுக்கு சொந்தச் சப்பாத்தே இல்லை, ஜப்பானில இருந்து வாற ஒனிற்சுக்கா ரைகர் சப்பாத்தைக் காரின்ர டிக்கியில போட்டுக்கொண்டு ஓட்டப்போட்டி நடக்கிற இடமெல்லாம் போய் நைட் வித்தவர். முதல் முழுநேர ஆளா ஜெவ் ஜோன்சன் எண்டவரைச் சேர்த்தவை, அந்த மனிசன் சப்பாத்து வாங்கின ஒவ்வொருத்தருக்கும் ஒரு மட்டை போட்டு வச்சு, கால் அளவு என்ன, என்ன மாதிரிச் சப்பாத்துப் பிடிக்கும் எல்லாம் எழுதி, அவையளுக்குக் கடிதம் போட்டு, நத்தாருக்கு வாழ்த்தும் அனுப்பியிருக்கிறார். நைக்கிட லோகோவான அந்தச் சுவூஷ் கோடு வந்தது 1971ல, கரொலின் டேவிட்சன் எண்ட மாணவி கீறினது, அதுக்குக் குடுத்த காசு 35 டொலர். இதை ஏன் சொல்லுறன் எண்டா, நீங்கள் லோகோவை நாலு தரம் மாத்தினதா எழுதியிருக்கிறீங்கள், அதில மினக்கெட்ட நேரத்துக்கு உங்களிட்ட ஜேர்சி அடிச்ச கழகச் செயலாளர்மாரின்ர நம்பரை ஒழுங்கா ஒரு கொப்பியில எழுதியிருக்கலாம். எந்தக் கழகம், ஆண்டுவிழா எப்ப, போன தரம் எத்தினை எக்ஸ்எல், கோல் கீப்பரின்ர உயரம் என்ன, கொலர் வச்சதோ வட்டக்கழுத்தோ. அடுத்த வருசம் ஆண்டுவிழாவுக்கு ஒரு மாசம் முந்தி நீங்களா எடுத்து, அண்ணை இந்த முறையும் அதே அளவுகள்தானோ எண்டு கேட்டுப்பாருங்கோ, அந்தாள் வேற கடைக்குப் போகமாட்டார்.

இனி ஈவென்ற் விசயத்துக்கு வாறன், நீங்கள் முக்கியமாக் கேட்டது அதுதான்.

2013ல அடிடாஸ் லண்டனில ஒரு கடை போட்டது. டெரிக் ரோஸ் எண்ட கூடைப்பந்தாட்டக்காரர், சிக்காகோ புல்ஸ்காரர், முழங்கால் காயத்தால ஒரு சீசன் முழுக்க விளையாடாமல் இருந்த ஆள், அவற்ற பேரில வந்த சப்பாத்து. கடைக்குள்ள போனா சப்பாத்துச் சோடியளை 10 அடி உயரத்தில தட்டில வச்சிருக்கு, கூடைப்பந்து வளையம் இருக்கிற அதே உயரம், துள்ளி எட்டி எடுத்தா அது உனக்குச் சும்மா. வேற ஒண்டுமில்லை. பெடியள் வரிசையில நிண்டு துள்ளினாங்கள், எட்டினவன் கத்தினான், எட்டாதவனும் சிரிச்சுக்கொண்டு போனான், ரோசும் அங்க நிண்டவர். ஒரு சில சோடி சப்பாத்துத்தான் செலவு, ஆனா சப்பாத்து, துள்ளல், அந்த ஆட்டக்காரர் மூண்டும் ஒண்டாப் போய் மண்டையில ஒட்டிடும், அதோட பாத்தவன் எல்லாரும் தானும் ஒருக்கா துள்ளிப்பாக்கோணும் எண்டு நினைப்பான்.

இதை அப்பிடியே இஞ்ச கொண்டுவாங்கோ. எங்களுக்குக் கரப்பந்தாட்டம் இருக்கு, 1991ல இருந்து நாட்டின்ர தேசிய விளையாட்டே அதுதான், வட்டக்கச்சியில இருந்து முழங்காவில் மட்டும் பின்னேரமானா வலை கட்டாத ஊர் குறைவு. ஆம்பிளையளின்ர வலை 2.43 மீற்றர், பொம்பிளையளின்ரது 2.24. அந்த வலைக் கம்பத்துக்குப் பக்கத்தில இன்னொரு நீளக் கம்பு நட்டு, உங்கட ஜேர்சியைக் கயித்தில கட்டித் தொங்கவிடுங்கோ, அடிக்கிற பெடியன் முழுசாத் துள்ளினா விரல் நுனி படுற உயரத்தில. துள்ளிப் புடுங்கினா அவனுக்கு. கீழ மணல் கொட்டியிருக்கோணும், கணுக்கால் பிரண்டா பிறகு உங்களைத்தான் கேப்பாங்கள். இறுதிப்போட்டிக்கு முந்தின இடைவேளையில வையுங்கோ, லைற் போட்டாப் பிறகு, அந்த நேரம்தான் சனம் ஒண்டும் செய்யாமல் நிக்கும். முதல்ல கழகப் பெடியள் வருவாங்கள், பிறகு பள்ளிக்கூடப் பெடியள், அதுக்குப் பிறகு சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு ஒரு அம்பது வயசு அண்ணை வருவார் பாருங்கோ, அந்தாள் ஒரு காலத்தில மாவட்ட அணிக்கு ஆடின ஆளா இருப்பார், அவர் ஓடிவரேக்க மைதானம் முழுக்கப் போனைத் தூக்கும். அந்த வீடியோ ஒண்டு காணும். ஜேர்சி அஞ்சோ ஆறோதான் போகும், நீங்கள் பனருக்குக் குடுத்த காசில கால்வாசியும் வராது. பொம்பிளைப் பிள்ளையளுக்கு வேற உயரத்தில தனியா ஒண்டு கட்டுங்கோ, அதை மறந்துபோனா பாதிச் சனத்தை விட்டமாதிரி.

இன்னொண்டு 2002ல நைக்கி செய்தது. உலகக்கிண்ணம் நடக்கிற நேரம் ஒரு விளம்பரம் விட்டாங்கள், கப்பலுக்குள்ள ஒரு கூடு, அதுக்குள்ள மூண்டு பேர் மூண்டு பேரா 24 பெரிய ஆட்டக்காரர் மோதினம், பிரான்ஸின்ர பழைய ஆட்டக்காரர் எறிக் கன்ரனாதான் நடுவர் மாதிரி, முதல் கோல் அடிச்ச ரீம் வெண்டது, மற்றது வெளிய. விளம்பரத்தோட விட்டிருந்தா அது ஒரு நல்ல விளம்பரம், அவ்வளவுதான். ஆனா அதே விதியோட கன நாடுகள்ல சாதாரணப் பெடியளுக்கும் போட்டி வச்சாங்கள். ரீவியில றொனால்டீனியோ ஆடின அதே ஆட்டத்தை ஊர்ப் பெடியனும் ஆடுறான். விதியைக் கண்டுபிடிச்சது பிராண்ட், அதால அந்த ஆட்டத்தை நினைச்சா பிராண்டும் ஞாபகம் வரும்.

எங்களுக்கு இதுக்குத் தோதான இடம் இருக்குத் தம்பி. மாசி பங்குனியில காலபோக அறுவடை முடிஞ்சா வயல் எல்லாம் வெறுமையாத்தான் கிடக்கும், கட்டையை வெட்டி மட்டமாக்கினா சின்னப் புட்போலுக்கு அதைவிட என்ன வேணும். வரம்பு நாலு பக்கமும் எல்லை. மூண்டு பேர் ரீம், முதல் கோல் அடிச்சா முடிஞ்சுது, மூண்டு நிமிசத்துக்குள்ள கோல் இல்லாட்டி ஆளுக்கொரு பெனால்ரி. ஒரு பின்னேரத்துக்குள்ள கனக்க ரீம் ஆடலாம். இதில பெரிய லாபம் என்னெண்டா கழகப் பதிவு, வெளியூர் ஆட்டக்காரன், லீக் பிரச்சினை ஒண்டும் இல்லை, எங்கட பக்கம் ஆட்சேபனைக் கடிதம் இல்லாமல் முடிஞ்ச சுற்றுப்போட்டி ஒண்டு சொல்லுங்கோ பாப்பம். மூண்டு நிமிச மட்சுக்கு ஆரும் கடிதம் எழுதமாட்டாங்கள். ஒரே வகுப்பில படிக்கிற மூண்டு பேர் வரலாம், அண்ணன் தம்பி வரலாம், தேப்பன் மகன் மருமகன் வரலாம். வெண்டவைக்குக் காசு குடுக்காதேங்கோ, காசு குடுத்தா அடுத்த வருசம் காசு கூட எங்க இருக்கோ அங்க போவாங்கள். மூண்டு பேரின்ர பேரும் ஊரும் போட்டு அவங்கள் கேக்கிற நிறத்தில ஜேர்சி அடிச்சுக் குடுங்கோ, அதைப் போட்டுக்கொண்டு ஒரு வருசம் திரிவாங்கள்.

ஓட்டத்துக்கும் ஒண்டு சொல்லுறன். 2004ல சான் பிரான்சிஸ்கோவில நைக்கி பொம்பிளையளுக்கு ஒரு மரதன் தொடங்கினது. ஓடி முடிச்ச ஆக்களுக்கு வழமையான மெடல் இல்லை, ரிபனி நகைக்கடையின்ர சங்கிலி, அதைக் கோட்டும் வில் ரையும் கட்டின தீயணைப்புப் படைக்காரர் தட்டில வச்சு நீட்டினவை. முதலாவதா வந்தவவுக்கும் அதுதான், கடைசியா நடந்து வந்தவவுக்கும் அதுதான். அதுக்காகவே ஓடப் பழகின பொம்பிளையள் கனபேர். எங்கட கோயில் திருவிழா மரதன், வருசப்பிறப்பு சைக்கிள் ஓட்டம் எல்லாத்திலயும் முதல் மூண்டு பேருக்குத்தான் காசுக் கவர், மற்றவன் வெயில்ல வந்து ஒரு குளிர்பானத்தைக் குடிச்சிட்டுப் போறான். நீங்கள் ஓட்டத்தையே நடத்தத் தேவையில்லை, முடிக்கிற இடத்தில ஒரு மேசை போட்டா சரி. ஜேர்சி வெட்டேக்க விழுற துண்டுத் துணி இருக்கெல்லோ, அதில கைப்பட்டியோ நெத்திப்பட்டியோ தைச்சு, அந்த ஓட்டத்தின்ர பேரும் வருசமும் அடிச்சு, முடிச்ச ஒவ்வொருத்தரின்ர கையிலயும் போட்டுவிடுங்கோ. குப்பைக்குப் போற துணிதானே. அடுத்தநாள் அந்தப் பெடியன் அதோடதான் ரியூசனுக்குப் போவான்.

இப்ப இதில ஒரு விசயம் கவனிக்கோணும், நைக்கிட கதையை அப்பிடியே எங்கட ஊருக்குத் தூக்கி வைக்கேலாது. லண்டனிலயோ சிக்காகோவிலயோ ஒரு பெடியன் பிராண்டுக்கு ரசிகனா வாறான், ஆட்டக்காரனுக்கு ரசிகனா வாறான். இஞ்ச அவன் ஏற்கெனவே ரசிகன், தன்ர ஊர்க் கழகத்துக்கு. கழகத்தின்ர பேர் அவன்ர தாத்தா காலத்தில வச்சது, இடம்பெயர்ந்து திரும்பி வந்து முதல் வேலையா மைதானத்தில பத்தை வெட்டித் துப்பரவாக்கின கழகங்கள் இருக்கு. அந்த இடத்தில உங்கட லோகோ போய் நிக்கேலாது, நிக்கப் பாத்தா எரிச்சல்தான் வரும். கழகத்துக்குப் பின்னால நிண்டு தோள் குடுக்கலாம், அதுதான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய இடம், அது காணும்.

2018 உலகக்கிண்ணத்துக்கு நைஜீரியாவின்ர ஜேர்சியை நைக்கிதான் செய்தது. 1994ல அந்த நாடு முதல்முதலா உலகக்கிண்ணத்துக்குப் போனபோது போட்ட சேட்டின்ர ஞாபகம், கழுகுச் சிறகு மாதிரிக் கையில கறுப்பு வெள்ளைக் கோலம், கண்ணைப் பறிக்கிற பச்சை. லண்டன் ஒக்ஸ்போர்ட் ஸ்ரீற்றில கடைக்கு வெளிய சனம் வரிசையில நிண்டது, நைஜீரியாவோட ஒரு சம்பந்தமும் இல்லாதவங்களும் வாங்கினாங்கள். நைக்கிட சுவூஷ் சின்னனா ஒரு மூலையில. எங்கட நாட்டிலயும் 2019 கிரிக்கெட் உலகக்கிண்ண ஜேர்சி கடற்கரையில பொறுக்கின பிளாஸ்ரிக்கை நூலாக்கிச் செய்தது, கடலாமைப் படம் போட்டது, மாஸ் எண்ட உடுப்புத் தைக்கிற நிறுவனம்தான் செய்தவை. அணி பெரிசா வெல்லேல்லை, ஆனா அந்த ஜேர்சி ஏன் அப்பிடி எண்ட கதை எல்லாருக்கும் தெரியும்.

உங்கட கற்றலொக்கைப் பாத்தன், எல்லாம் இன்ரநெற்றில இறக்கின ஐரோப்பாக் கழக டிசைன், நெருப்பு, மின்னல், ஓநாய். பரந்தனில என்ன ஓநாய் தம்பி? ஒரு கழகம் ஓடர் தர வந்தா முதல்ல அவங்களோட இருந்து கதையுங்கோ. அவங்கட ஊருக்கு என்ன இருக்கு, இரணைமடுக் குளத்து வாய்க்காலா, பூநகரிக் கடலா, ஆனையிறவு உப்பளத்தின்ர வெள்ளைப் பாத்தியளா, முறிகண்டிக் கச்சானா, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குத் தூக்குற காவடியா. உப்பளப் பாத்தியை மேல நிண்டு பாத்தா சதுரம் சதுரமா இருக்கும், அதைச் சேட்டு முழுக்க மெல்லிசாப் போட்டா எவ்வளவு வடிவு. கழகம் தொடங்கின வருசத்தைக் கழுத்துக்கு உள்பக்கம் அடிச்சுக் குடுங்கோ, போடுறவனுக்கு மட்டும் தெரியிற மாதிரி. கனடாவில இருக்கிற அந்த ஊர் அண்ணை இதைப் பாத்தா தனக்கும் தன்ர பிள்ளையளுக்கும் சேர்த்துக் கேப்பார், பாருங்கோ. வெளிநாட்டு ஸ்பொன்சரை எப்பிடிப் பிடிக்கிறது எண்டு தனியா ஒரு கேள்வி கேட்டிருந்தீங்கள், அதுக்கும் இதுதான் பதில். கழகத்துக்கு ஒரு செற் ஜேர்சிக்குக் காசு அனுப்புறவர் ஒருக்காத்தான் அனுப்புவார், தன்ர ஊர் பேர் போட்ட சேட்டை ரொறொன்ரோவில போட்டுத் திரியிறவர் வருசா வருசம் வாங்குவார்.

அடுத்தது, ஆருக்குச் சும்மா குடுக்கிறது. ஸ்ராரைத் தேடாதேங்கோ. 1984ல நைக்கி மைக்கல் ஜோர்டனைப் பிடிச்சபோது அவர் என்.பி.ஏ. எண்ட அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட லீக்கில ஒரு மட்சும் ஆடேல்லை, அது ஒரு சூதாட்டம், வெண்டது, அடுத்த வருசம் அவற்ற பேரில வந்த சப்பாத்து முதல் வருசமே 10 கோடி டொலருக்கு மேல வித்தது. கறுப்பு சிவப்பு நிறம் விதிக்குப் பொருந்தாது எண்டு லீக் கடிதம் போட, அதையே விளம்பரமாக்கி, அவரைத்தான் தடுக்கலாம், உங்களைத் தடுக்கேலாது எண்ட மாதிரிச் சொல்லி வித்தாங்கள். கடிதத்தில சொன்ன சோடி வேற மொடல் எண்டும் பிறகு சிலர் எழுதினம், அதை விடுங்கோ. அந்தச் சூது ஆட எங்களிட்டக் காசு இல்லை. உங்களுக்குக் கிட்டவான உதாரணம் யோகா உடுப்பு விக்கிற லூலுலெமன், 1998ல வன்கூவரில தொடங்கினது. அவையள் பெரிய நடிகையளுக்குக் காசு குடுக்காமல் கடை இருக்கிற ஊரில யோகா சொல்லிக்குடுக்கிற ரீச்சர்மாரைப் பிடிச்சவை, உடுப்பைக் குடுத்து, அவையளின்ர படத்தைக் கடையில மாட்டி, கடைக்குள்ளயே வகுப்பும் வச்சவை. படிக்கிற பிள்ளையள் ரீச்சர் போடுறதைத்தானே வாங்கும்.

எங்கட யோகா ரீச்சர் ஆர் எண்டு யோசியுங்கோ. பி.ரி. சேர், நடுவர், அதோட அறிவிப்பாளர். ஒரு மாகாண மட்டப் போட்டிக்குப் பிள்ளையளை பஸ்ஸில ஏத்திக்கொண்டு போற பி.ரி. சேர் தன்ர காசில வாங்கின மங்கின ரீசேட்டோட நிப்பார், அவருக்கு நல்லதா ரெண்டு குடுங்கோ, ஒண்டும் கேக்காதேங்கோ. நடுவர் சங்கத்துக்கு உடுப்பு அடிச்சுக் குடுங்கோ, ஒவ்வொரு மட்சிலயும் நடுவில நிக்கிற ஆள் அவர்தானே, எந்த ரீம் தோத்தாலும் அவர் அடுத்த மட்சிலயும் நிப்பார். விசில் பொக்கற் சரியான இடத்தில இருக்கோணும், மழைக்கு நனையாத மாதிரி அட்டை வைக்க ஒரு பை வேணும், இதெல்லாம் அவையளிட்டக் கேட்டுத் தையுங்கோ.

அதோட ஒரு கள்ள வேலை சொல்லித்தாறன். 1970 உலகக்கிண்ணத்தில மட்ச் தொடங்கப் போற நேரம் பெலே நடுவரை ஒருக்கா நிப்பாட்டச் சொல்லிட்டுக் குனிஞ்சு சப்பாத்துக் கயிறு கட்டினவர், உலகம் முழுக்கக் கமெரா அவற்ற காலில, காலில பூமா பிராண்ட் சப்பாத்து. எங்க கமெரா வருமோ அங்க நிக்கிறதுதான் விசயம். எங்கட இறுதிப்போட்டியில கமெரா எங்க வரும்? கப் தூக்கிற படத்துக்கு. வெண்ட ரீமில பாதிப்பேர் ஜேர்சியைக் கழட்டித் தோளில போட்டிருப்பாங்கள், பிரதம விருந்தினர் ஒரு பக்கம், ஆனா முன்வரிசையில குந்தி இருக்கிறது ஆர்? ஊர்ச் சின்னப்பெடியள். பந்து பொறுக்கிக் குடுக்கிற, தண்ணிப் போத்தில் தூக்கிற, ஐயா ஒரு படம் எண்டு நடுவால பூருற பெடியள். ஒவ்வொரு கிண்ணப் படத்திலயும் அவங்கள் இல்லாமல் இல்லை, அந்தப் படம்தான் பேஸ்புக்கில கழகக்காரர் போடுறது, கழக அறையில பிரேம் போட்டு மாட்டுறது. பந்து பொறுக்கிற பெடியளுக்கு ரீசேட் அடிச்சுக் குடுங்கோ, முதுகில பெரிசா உங்கட பேர், நெஞ்சில அவங்கட ஊர். உதுக்கு வாற செலவு ஒரு பனரின்ர செலவு. அந்தப் பெடியள் அதைக் கிழியுமட்டும் போடுவாங்கள், பத்து வருசத்தில அவங்கள்தான் கழகத் தலைவர்மார்.

ஆரைப் படம் எடுத்துப் போடுறது எண்டதுக்கும் ஒண்டு. 1988ல நைக்கி ஜஸ்ட் டூ இற் எண்ட அந்தப் பேர்போன மூண்டு சொல்லு விளம்பரம் தொடங்கினபோது முதல் விளம்பரத்தில வந்த ஆள் வோல்ற் ஸ்ராக், 80 வயசுக் கிழவர், சான் பிரான்சிஸ்கோ பாலத்தில சேட் இல்லாமல் ஓடிவாறார், ஒவ்வொரு நாளும் 17 மைல் ஓடுறன் எண்டு சொல்லுறார். ஒரு ஸ்ராரும் இல்லை. எங்கட முள்ளியவளையில அகிலத்திருநாயகி அம்மா இருக்கிறா, 70 வயசு தாண்டி 2023ல பிலிப்பைன்ஸில நடந்த மூத்தோர் தடகளத்தில தங்கம் வாங்கிக்கொண்டு வந்தவ, அப்ப எல்லாரும் படம் போட்டு வாழ்த்தினவை. அவ மாதிரி ஆக்களுக்கு ஒரு நல்ல ட்ராக் சூட் தைச்சுக் குடுத்து, அவையளின்ர அனுமதியோட, பின்னேரம் மைதானத்தில நடக்கிறதை ஒரு நிமிச வீடியோ எடுத்துப் போட்டா, பாட்டு வேண்டாம், கதையும் வேண்டாம், சப்பாத்துச் சத்தம் மட்டும் காணும், அதைப் பாத்து அம்மாமார் கனபேர் வெளிக்கிடுவினம்.

பொம்பிளையள் எண்டு வந்ததால இதையும் சொல்லுறன், இது மார்க்கெற்றிங்கைவிடப் பெரிய விசயம். எங்கட பக்கம் வலைப்பந்தாட்டம், கரப்பந்தாட்டம், கபடி, உதைபந்தாட்டம் எல்லாத்திலயும் பெட்டையள் மாகாணம் தாண்டிப் போகினம், போட்டுக்கொண்டு போறது பெடியளின்ர அளவில வெட்டின சேட். தோள் கீழ இறங்கி நிக்கும், கைக்குழி பெரிசு, அதால உள்ளுக்கு இன்னொரு ரீசேட் போட்டுத்தான் ஆடுவினம், மத்தியான வெயில்ல ரெண்டு சேட்டோட ஆடுற பிள்ளை எப்பிடி ஆடும். மன்னார் வவுனியாப் பக்கம் முஸ்லிம் பிள்ளையள் தலை மூடி ஆட ஒழுங்கான துணி இல்லாமல் ஊசி குத்திக்கொண்டு ஆடுதுகள், நைக்கியே 2017லதான் விளையாட்டு ஹிஜாப் கொண்டுவந்தது. இதைச் சரியாச் செய்யிற ஆள் வன்னியில நான் கண்டதில்லை. தைக்கத் தெரிஞ்ச ஆக்கள் இல்லை எண்டு சொல்லாதேங்கோ, அறிவியல்நகர்ல மாஸ் பக்டரி, வவுனியாவில ஒமேகா லைன், உலகச் சந்தைக்குத் தைச்சுப் பழகின பிள்ளையள் எங்கட ஊர்களிலயே இருக்கினம், கலியாணம் கட்டி வேலையை விட்டு வீட்டில மெசினோட இருக்கிற ஆக்களும் கனக்க. அவையளில ரெண்டு பேரைப் பிடிச்சு, ஒரு பள்ளிக்கூட ரீமிட்டப் போய் அளவெடுத்து, அவையள் சொல்லுறதைக் கேட்டு ஒரு வெட்டு உருவாக்குங்கோ. ரீச்சர்மார் மூலமா அது மற்றப் பள்ளிக்கூடங்களுக்குத் தானாப் போகும்.

செய்யக்கூடாததும் சொல்லோணும். காலை இழந்த ஆக்கள் இஞ்ச கனபேர் இருக்கினம், இருந்துகொண்டு ஆடுற கரப்பந்தாட்டம் ஆடினம், வலை 1.15 மீற்றர்தான், உள்ளுக்குப் போய் ஆடிப்பாத்தா எங்களால ஒரு பந்து ஒழுங்கா எடுக்கேலாது. அவையளுக்கு ஜேர்சி குடுக்கிறதெண்டா மற்ற ரீமுக்குக் குடுக்கிற மாதிரிக் குடுங்கோ, நம்பரோட பேரோட. சோக மியூசிக் போட்டு நீங்கள் குடுக்கிற படத்தைப் போட்டீங்களெண்டா நான் உங்களோட கதைக்கமாட்டன்.

ஒரு ஆளின்ர தலையில முழுப் பிராண்டையும் கட்டுறதும் வேண்டாம். 2004ல சைக்கிளோட்ட வீரர் லான்ஸ் ஆம்ஸ்ரோங்கின்ர மஞ்சள் கைப்பட்டியை நைக்கி ஒரு டொலருக்கு வித்துப் புற்றுநோய் நிதிக்குக் குடுத்தது, கோடிக்கணக்கில போனது, உலகம் முழுக்கக் கையில மஞ்சள். 2012ல ஊக்கமருந்து விசயம் வெளிக்க, நைக்கி அவரை விட்டது, கைப்பட்டியைக் கழட்டினவங்களும் கனபேர். நைக்கி தாங்கும், நீங்கள் தாங்கமாட்டீங்கள். எங்கட ரிக்ரொக் ஆக்களும் அப்பிடித்தான், இண்டைக்கு உங்கட ஜேர்சி, நாளைக்கு ஆரையாவது திட்டி ஒரு வீடியோ.

அதைவிட முக்கியம் சாமான். ஈவென்ற் எவ்வளவு வடிவா நடந்தாலும் மூண்டு தரம் தோய்க்க நம்பர் உரிஞ்சா அதுதான் உங்கட விளம்பரம், பெடியள் அதைப் படம் எடுத்து குறூப்பில போடுவாங்கள். ஒட்டுற நம்பரை விட்டு, சாயத்தைச் சூட்டால துணிக்குள்ளயே இறக்கிற சப்ளிமேசனுக்கு முழுசா மாறுங்கோ, அது பொலியஸ்ரர் துணிக்குத்தான் சரிவரும், கடும் நிறத் துணிக்கு மேல பிடிக்காது, வெள்ளைத் துணியில முழு டிசைனையும் அடிச்சுப் பிறகு வெட்டித் தைக்கிறதுதான் முறை. கைக்குழித் தையலை இழுத்துப் பாத்துட்டுக் குடுங்கோ, கோல் கீப்பர் பாயேக்க அங்கதான் முதல்ல விடும். சொன்ன திகதிக்குக் குடுக்கோணும், இறுதிப்போட்டி முடிஞ்ச அடுத்தநாள் வாற ஜேர்சிக்கு ஆரும் ரசிகரா இருக்கமாட்டினம்.

மிச்சம் சின்னச் சின்ன விசயங்கள். வியாபாரப் பேரைப் பிரதேச செயலகத்தில பதிஞ்சிருப்பீங்கள், அது லோகோவைக் காப்பாத்தாது, அதுக்குக் கொழும்பில தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில வர்த்தகக் குறியாப் பதியோணும், பதிஞ்சா 10 வருசம், பிறகு புதுப்பிக்கலாம். மூண்டு கோட்டைக் கொஞ்சம் சரிச்சு வச்சிருக்கிறீங்கள் சேட்டின்ர தோளில, அதை எடுத்துப்போடுங்கோ, அடிடாஸ் அந்தக் கோட்டுக்காக உலகம் முழுக்க வழக்குப் போடுற ஆக்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி, மைதானத்துக்குப் பிரதேச சபை, பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர படத்துக்கு அதிபரும் தாய் தேப்பனும். ஓ.எல். ஏ.எல். சோதினை நேரம் ஒண்டும் வையாதேங்கோ, ஐப்பசி கார்த்திகையில மழை, மைதானம் குளம். தை மாசி பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப்போட்டி நேரம், அதுக்கு மார்கழியிலயே இல்ல நிறத்தில ரீசேட்டுக்கு ஓடர் பிடிக்கோணும், மாசி பங்குனியில வயல் போட்டி, நெல்லுக் காசும் அப்பதான் கையில இருக்கும், வைகாசியில வற்றாப்பளைப் பொங்கலுக்கு நடந்து போற சனத்துக்குத் தண்ணிப் பந்தலில வேர்வை துடைக்கத் துண்டு குடுக்கலாம், ஆனா அம்மன் படத்தோட லோகோவைச் சேர்க்காதேங்கோ, அடிதான் விழும்.

முதல்ல எதைச் செய்யிறது எண்டு கேட்டா, பந்து பொறுக்கிற பெடியளின்ர ரீசேட். வெள்ளை நிற ரீசேட்டா மட்டும் குடுத்துப்போடாதேங்கோ, செம்மண் ஊர், ஒரு மட்சோட தாய்மார் உங்களைத் தேடி வருவினம்.